நாலு பக்கமும் பால் பொங்கிய லாரி

சங்ககிரியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு லாரி உண்டு, லாரி இல்லாத வீட்டில் லாரி ஓட்டுகிற ஆள் உண்டு, லாரியும் ஆளும் வெளியே போயிருக்கிற வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் உண்டு. அப்படி முப்பத்தைந்து வருஷம் வாசலைப் பார்த்தவள் பாவாயி. அவள் புருஷன் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டு மலைமேல் உடம்பில் பாதியைப் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற சாமியின் பெயரை வைத்துக்கொண்டு மாசத்தில் ரெண்டு நாள்கூட வீட்டில் தங்காத மனிதர் என்று நாங்கள் கேலி பேசுவோம், பாவாயியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள், சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அறுபதாவது வயதில் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி ஒரேயடியாக வீட்டுக்கு வந்த அர்த்தநாரிக்கு வீட்டில் தூக்கம் வரவில்லை. கட்டில் ஆடவில்லை, டீசல் வாசம் இல்லை, தலைமாட்டில் ரோடு இல்லை. பாவாயிக்கும் பக்கத்தில் ஆள் படுத்தால் தூக்கம் வரவில்லை, அவளும் முப்பத்தைந்து வருஷமாகக் கட்டிலில் குறுக்கே படுத்துப் பழகியவள். ரெண்டு பேரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, ஒருத்தர் தூக்கத்தை ஒருத்தர் கெடுத்துவிடக் கூடாது என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு கிடந்தார்கள். பகலில் அவர் உப்பு டப்பா எது என்று கேட்பார், அவள் விருந்தாளிக்கு வைப்பது போலத் தண்ணீர்ச் சொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பாள். மூன்று மாதம் இப்படிப் போனது.

"உங்குளுக்கு வீட்டுல தூக்கம் வல்லீன்னா, நீங்க தூங்கற எடத்துக்கு நான் வந்துக்கறேனுங்க," என்று ஒருநாள் காப்பியை ஆற்றிக்கொண்டே பாவாயி சொன்னாள். அர்த்தநாரி டம்ளரை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், காப்பி ஆறிப் போனது.

அவர்களுக்கு ஒரே மகள், மேகலா. கொடுமுடியில் கட்டிக்கொடுத்திருந்தது, புருஷனும் அவளும் விதைக்கடை வைத்திருக்கிறார்கள். அவள் கல்யாணத்தன்று அர்த்தநாரி வெங்காய லோடோடு எங்கேயோ ஒரு மலைப்பாதையில், சரிந்த மண்ணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றார். காலை ஆறு மணி முகூர்த்தம். தாய்மாமன் தாரை வார்த்துக் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு, அழுக்கு லுங்கியும் நாலு நாள் தாடியுமாக இவர் மண்டபத்து வாசலில் வந்து நின்றபோது, வருகிறவர்களை எல்லாம் கைகூப்பி "வாங்க வாங்க" என்று அழைத்துக்கொண்டிருந்த மேகலா முகத்தைத் திருப்பி ஃபேனைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் பகையாளி வாசலுக்கு வந்தாலும் "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள், கேட்ட பிறகுதான் சண்டையை ஆரம்பிப்பார்கள். அதன் பிறகு ரெண்டு தடவை கொடுமுடிக்குப் போனார், ரெண்டு தடவையும் மாப்பிள்ளை "வாங்க மாமா" என்றார், மகள் சொல்லவில்லை, இவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குள் ஏழு வருஷம் ஆகியிருந்தது. மனிதருக்கு இந்த உலகத்தில் வேறு குறை கிடையாது, அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

நாமக்கல் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டுகிற குப்புராஜின் பட்டறைக்குப் பின்னால், மூக்கு நீண்ட அந்தக் காலத்து லாரி ஒன்று, அறுபத்து மூன்றாம் வருஷத்து வண்டி, நாலு சக்கரமும் மண்ணில் புதைந்து, பானெட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு முருங்கை மரம் வளர்ந்து காய்த்துக்கொண்டிருக்கக் கிடந்தது. அர்த்தநாரி அதைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டுக் குப்புராஜ், "காய் வேண்ணா பறிச்சுட்டுப் போங்கண்ணா, வண்டி எதுக்குங்க?" என்று கேட்டான்.

மரத்தை வேரோடு எடுத்துப் பட்டறை ஓரத்தில் நட்டார்கள். வெட்டினால் பாவம் என்று பாவாயி சொல்லிவிட்டாள். துருப்பிடித்து இறுகிப் போயிருந்த பிஸ்டன்களின் தலையில் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, தினம் ஒரு மரக்கட்டையை வைத்து லேசாகத் தட்டித் தட்டி, பன்னிரண்டாவது நாள் அது ஒரு விரற்கடை அசைந்தபோது அர்த்தநாரி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு தெரு முழுக்க வந்து சொன்னார். பிரேக்குக்கு ஓசூர், கியர்ப்பெட்டிக்கு விஜயவாடா, கண்ணாடிக்குத் திருச்சி என்று பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கினார். வண்டியின் முதுகில் வீடு கட்டும்போது குப்புராஜ் புது மரம் போடவில்லை. இடித்த வீடுகளின் கதவு ஜன்னல் விற்கிற கடைக்குப் போய், ஆத்தூர்ப் பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று, காரைக்குடி ஜன்னல் ரெண்டு, எந்த ஊர் என்றே தெரியாத தேக்குப் பலகைகள் என்று வண்டி நிறையக் கொண்டுவந்து இழைத்துச் சேர்த்தான். வண்டியின் அகலத்துக்கு ஒரு கட்டில், தலைமாட்டில் ஒரு ஜன்னல், நின்று சமைக்கிற உயரத்தில் அடுப்பு, பின்பக்கம் ஏறி இறங்க மூன்று படி. எங்கள் தெருவில் யோசனை சொல்லாத ஆள் இல்லை, சொன்ன யோசனையைக் கேட்ட ஆளும் இல்லை. பதினான்கு மாதம் ஆனது.

வண்டி முதல் முதலாக உறுமிய அன்று பாவாயியை முன்னால் ஏற்றி உட்கார வைத்தார். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் லாரியில் ஏறுவது அதுதான் முதல் தடவை. கீழே எங்கள் தலைகளையும் ஓட்டு வீடுகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இத்தன ஒசரத்துல உக்காந்துட்டு இருந்தா வீடு எப்பிடிங்க கண்ணுக்குத் தெரியும்?" என்றாள். அவர் கியரை மாற்றுகிற மாதிரி எதையோ செய்தார்.

புறப்படுகிற அன்று ஒரு வழக்கு வந்தது. வண்டி என்றால் பூசை போட்டுச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டும், வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டும், இது வண்டியா வீடா? தெரு ரெண்டாகப் பிரிந்து அரை மணி நேரம் பேசியது. கடைசியில் எதற்கு வம்பு என்று ரெண்டையும் செய்தோம். எந்த வண்டிக்கும் யாரும் பால் காய்ச்சியதில்லை. அது தப்பு என்றால் அந்தத் தப்பில் எங்களுக்கும் பங்கு உண்டு. பாவாயி புதுப் பானையில் பாலை வைத்தாள், எந்தப் பக்கம் பொங்குகிறது என்று பார்க்க எல்லோரும் படியில் முண்டியடித்தோம், கிழக்கே பொங்கினால் விசேஷம், வடக்கானாலும் சரி. பால் நுரைத்து ஏறி நாலு பக்கமும் ஒரே சமயத்தில் வழிந்தது. நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. "அடுப்ப நான் மட்டம் பாத்து வெச்சிருக்கறேனுங்க, அப்பிடித்தான் பொங்கும்," என்று குப்புராஜ் பெருமையாகச் சொன்னான். பாலைக் குடித்துவிட்டு வழியனுப்பினோம்.

முதல் நாள் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டி ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்து ஓரமாக நிறுத்திப் படுத்தார்கள். கட்டிலில் படுத்த உடனே அர்த்தநாரி தூங்கிப் போனார், பாவாயியும் அவர் குறட்டைக்கு நடுவில் எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. விடிந்ததும் பின்கதவைத் தட்டிய பால்காரர், "வழக்கம்போல முக்கால் லிட்டர்தானுங்களே அக்கா?" என்று அளந்து ஊற்றினார். அவர் போனதும் மூக்குத்தி போட்ட ஒரு பெண் வந்து, "போன நோம்பிக்கு வாங்கிட்டுப் போனது, குடுக்கோணும் குடுக்கோணும்னு மறந்தே போயிருது," என்று ஓர் இட்லிக் குண்டாவை நீட்டினாள். அதன் கழுத்தில் 'அ. பாவாயி' என்று பெயர் வெட்டியிருந்தது. பாவாயி அதை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வந்தவளை உட்காரச் சொல்லி, ரெண்டு இட்லி வைத்து, அவள் பிள்ளைகளின் பெயரைப் பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டாள்.

அர்த்தநாரி வண்டிக்குள் கண் அசந்தால் போதும், அந்த ஊர் அவர்களை முப்பது வருஷத்துக் குடியாகவும், அவரை ஒரு நாளும் வீட்டை விட்டு அசையாத மனிதராகவும் நினைத்துக்கொள்ளும். வண்டிக்குள் இருக்கிற ரெண்டு பேருக்கு மட்டும் எதுவும் மாறாது. மதியம் புளிய மரத்தடியில் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் தூங்கினாலும் அப்படித்தான். ஆம்பூரில் ஒரு பெரியவர் வந்து, அர்த்தநாரி வழக்கமாக விளையாடுகிற ஆடுபுலி ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். வேதாரண்யத்தில் உப்பளத்துக்காரர் வீட்டுச் சீமந்தத்துக்குப் பாவாயிதான் முதல் வளையல் போட வேண்டும் என்று காத்திருந்தார்கள். அறந்தாங்கியில் பக்கத்து வீட்டுக்காரி, சாக்கடைத் தண்ணீர் விஷயமாகப் பாவாயியோடு பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லையாம், இவள் கதவைத் திறந்தால் அவள் கதவைச் சாத்தினாள். இல்லாத வீட்டிலிருந்து ஓடாத தண்ணீருக்காகப் பாவாயி அவள் வாசலில் போய் நின்று, "என்ற மேலதான் தப்பு ஆத்தா," என்றாள். அந்த அம்மாள் கட்டிக்கொண்டு அழுதாள், அழுகை உண்மையாகத்தான் இருந்தது, பாவாயியும் அழுதுவிட்டாள்.

இதெல்லாம் பாவாயி ஊருக்கு வரும்போது எங்களுக்குச் சொன்னது, கொஞ்சம் நாங்கள் கூட்டிக்கொண்டிருப்போம். எங்கள் தெரு இதற்குப் பழகிக்கொண்டது. பதினோரு ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் வந்து குவிந்தன, தபால்காரர் அவற்றுக்கென்று தனியாக ஒரு பை வைத்துக்கொண்டார். தெருவில் யாராவது வெளியூர் போனால், "வேதாரண்யமா? அங்க நம்ம பாவாயி அக்கா வீட்டாளுங்க இருக்கறாங்க, அவிய பேரச் சொல்லு," என்று சொல்லித் தாட்டி அனுப்புவோம், சொன்னால் சாப்பாடு கிடைத்தது. சாவு எடுக்கவும் ஆள் வந்து கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் தனியாகக் கிடந்தவள் ஒரு வருஷத்தில் எட்டு ஊரில் எட்டு எழவுக்குப் போய் மாரடித்தாள், தொண்டை கட்டிப்போய் வந்து கஷாயம் குடித்தாள்.

எங்கள் தெருவில் மட்டும் அவரை வண்டியில் தூங்க விடுவதில்லை என்று முடிவு செய்தோம். அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு ருக்குமணி. பாவாயிக்கு ஒரு சமயம் டைபாய்டு வந்தபோது, நடக்க முடியாமல் கிடந்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள்தான். "நாளைக்கு இந்தத் தெருவே, அர்த்தநாரி அண்ணன்தான் தூக்கிட்டு ஓடுனாருன்னு சொல்லும். நான் தூக்குனது எங்க போறது? இன்னும் இந்தத் தோளு வலிக்குது எனக்கு," என்றாள். நியாயமாகப் பட்டது. வண்டி ஊருக்கு வந்தால் அவரைச் சுற்றி எப்போதும் ரெண்டு பேர் உட்கார்ந்திருப்போம், கொட்டாவி விட்டால் தோளைத் தட்டுவோம், டீ வாங்கிக் கொடுப்போம். வீட்டுக்குள் படுத்தால் ஒன்றும் ஆகாது, ஆனால் அங்கேதான் அவருக்குத் தூக்கம் வராதே.

செங்கோட்டையில் ஒரு டீச்சரம்மா, பாவாயிக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, "உனக்கு டைபாய்டு வந்தப்ப அண்ணாச்சி உன்னைப் பச்சப்புள்ளைய தூக்குத மாதிரி தூக்கிட்டு ஓடினத நான் இந்தக் கண்ணால பாத்தேன். ஒம்பது நாள் வேலைக்கே போகலையே மனுசன்," என்று சொன்னாள். பின்னல் முடிந்ததும் பாவாயி வண்டிக்குள் வந்து அர்த்தநாரியின் எதிரில் உட்கார்ந்து, "இந்த ஊர்ல இருந்த மனுசன் ரொம்ப நல்லவருங்க. அவரு பொண்டாட்டியக் கண்டாத்தான் எனக்குப் பொறாமையா இருக்குது," என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

யோசனை எங்கள் டீக்கடையில்தான் பிறந்தது, யார் வாயிலிருந்து என்று இப்போது ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். "ஏனுங்கண்ணா, கண்ட ஊர்லயும் தூங்கறீங்க, கொடுமுடிக்குப் போயி மேகலா வாசல்ல அரை மணி நேரம் கண்ணசந்தா என்னங்க? பொண்ணு ஓடி வந்து 'வாங்கப்பா'ன்னு கையப் புடிச்சுக்காதுங்களா?" அர்த்தநாரி டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போனார். மூன்று நாள் வீட்டில் கட்டிலில் கண் விழித்தே கிடந்தார். நாலாவது நாள், புதன்கிழமை, பாவாயியிடம், "கொடுமுடிக்குப் போலாமா புள்ள?" என்று கேட்டார். எதற்கென்று அவளுக்குத் தெரியும். அவளும் தாய்தானே, "போலாமுங்க," என்றாள்.

கொடுமுடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் பன்னிரண்டரை. விதைக்கடை பூட்டியிருந்தது. கரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள், மூன்று மணிக்கு வந்துவிடுவார்கள் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். கடைக்கு எதிரில் ஒரு புங்க மரம், அதற்குக் கீழே ஜமுக்காளம் விரித்த மாதிரி நிழல், காவேரியிலிருந்து வருகிற காற்று, மூன்று நாளாகத் தூங்காத மனிதர். தூக்கத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். வண்டியை நிழலில் ஒட்டி நிறுத்திவிட்டு, "அரை மணி நேரம் போதும் புள்ள," என்று சொல்லிக்கொண்டே கட்டிலில் சாய்ந்தார். பாவாயி கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

அவர் கண் சொருகுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் மகளுக்கு ஒரு புது அப்பா வந்துவிடுவார், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர், சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், கல்யாணத்தில் தாரை வார்த்தவர். அந்த வீட்டில் சாயங்காலமெல்லாம் ஆள் இருக்கும், சத்தம் இருக்கும். அப்படியானால், ரோட்டில் போகிற லாரிகளின் ஹாரனை வைத்தே யார் வண்டி என்று சொல்லி, "இது நம்முளுது இல்லீம்மா," என்று தினமும் வந்து சொன்ன பிள்ளை யார்? தாய் கதவுக்குப் பின்னால் நின்று அழுததைக் கண்டுவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், தானும் பக்கத்தில் வந்து அதே கதவைப் பார்த்து நின்ற ஏழு வயதுப் பிள்ளை எங்கே போகும்? பாவாயி அவர் காலைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏனுங்க, தூங்காதீங்க."

"என்ன புள்ள... இப்பத்தான் கண்ண மூடுனேன்."

"நீங்க தூங்குனா அவளுக்கு அத்தனையும் மறந்துரும்."

"மறக்கட்டுமே. அதுல என்ன நல்லதா இருக்குது? பூராவும் நான் இல்லாததுதான."

"அதுல நான் இருக்கறேனுங்க," என்றாள் பாவாயி.

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"நான் பட்டதக் கூட இருந்து பாத்தவ அவ ஒருத்திதான். அவளும் மறந்துட்டா, அது நடக்கவே இல்லீன்னு ஆயிரும். பதினோரு ஊர்ல எனக்கு ஒரு கொறையும் இல்லீன்னு சொல்றாங்க, சொல்லட்டும். என்ற பொண்ணும் அப்பிடிச் சொல்லக் கூடாதுங்க." அவள் அழுதுகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் எதிரில் அவள் அழுவது அதுதான் முதல் தடவை, ஏனென்றால் அழுத நாளில் அவர் எதிரில் இருந்ததில்லை.

"அப்ப நான் என்னன்னு போயி நிக்கறது?" என்று கேட்டார்.

"இருக்கறபடியே போயி நில்லுங்க."

குடத்திலிருந்து சொம்பில் மொண்டு கொடுத்தாள். அவர் மூன்று தடவை முகத்தைக் கழுவினார், துண்டால் துடைத்துக்கொண்டு இறங்கி, பூட்டிய கடையின் முன்னால் போய் நின்றார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்து நின்றுகொண்டே இருந்தார்.

மூன்று மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. மாப்பிள்ளை தனசேகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வாங்க மாமா, வாங்கத்தே," என்றார். மேகலா இறங்கி, பட்டுச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, முதலில் அம்மாவைப் பார்த்தாள், பிறகு லாரியைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். லாரியின் சமாச்சாரமெல்லாம் அம்மா போனில் சொல்லி அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"வண்டிக்குள்ள தூங்குனீங்களா?"

"இல்ல அம்மிணி."

"நெஜமாவா?" கேட்டுவிட்டுக் கண்ணை மூடித் தனக்குள் எதையோ தேடிப் பார்த்தாள். "ஆமா, தூங்கலதான். எனக்கு இன்னும் கோவம் இருக்குது."

"இருக்கட்டும்."

"ஏன் தூங்கல?"

"தூங்கத்தான் வந்தேன். நீ பூராத்தையும் மறந்துட்டு 'வாங்கப்பா'ன்னு சொல்லுவீன்னு வந்தேன். உங்கம்மா எழுப்பி உட்டுட்டா."

மேகலா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண் சிவந்திருந்தது. மகள் பூட்டைத் திறந்து, ஷட்டரைத் தூக்கி, விதை மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க," என்றாள். "உக்காருங்க" வேறு, "வாங்க" வேறு. அது அவருக்கும் தெரியும், உட்கார்ந்தார்.

"பதினோரு ஊர்ல நான் இருந்ததச் சொல்லிட்டாங்க அம்மிணி," என்றார். "நான் இல்லாதத யாருமே சொல்லுல. நீ சொல்லு, கேட்டுக்கறேன்."

அவள் முதலில் மாட்டேன் என்றாள். பிறகு வெண்டை விதைப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் ஆரம்பித்தாள். ஒண்ணாங் கிளாஸ் சேர்க்கப் போனபோது அப்பா எங்கே என்று கேட்ட வாத்தியாரிடம் நாக்பூர் என்று சொன்னதும், அதுதான் உங்கப்பா பெயரா என்று அவர் கேட்டதும். தீபாவளிக்கு அவருக்கு எடுத்த வேட்டியை அம்மா மடிப்புக் கலையாமல் பொங்கல் வரை கட்டிலின் மேல் வைத்திருந்தது. அவர் யாரிடமோ கொடுத்தனுப்பிய பொம்மை வழியில் தலை உடைந்து வந்ததும், அம்மா அதற்குத் துணியில் வேறு தலை தைத்ததும், அந்தத் தலைக்கு அவர் சாயல் வந்துவிட்டது என்று ரெண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுததும். ஐப்பசியில் ஒரு நாள் பேய்க்காற்று அடித்துக் கூரை ஓடு பறந்தபோது, அம்மா ஒரு மூலையும் அவள் ஒரு மூலையுமாகத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு மழை விடுகிறவரை நின்றது. யாவாரத்துக்கு வந்தவர்களைத் தனசேகர் வாசலிலேயே பேசித் திருப்பி அனுப்பினார். மூன்று நாளாகத் தூங்காத மனிதர் ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார், காரணம் சொல்லவில்லை, நடுவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்தக் காத்துல ஓடு உன்ற மேல விழுந்துச்சா?"

மேகலா கையிலிருந்த பொட்டலத்தை வைத்துவிட்டு, குனிந்து, வகிட்டுக்குப் பக்கத்தில் முடியை விலக்கிக் காட்டினாள். அரை விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. அர்த்தநாரி கிரீஸ் ஊறிய விரலால் அதைத் தொட்டார். தன் மகள் தலையில் இருபத்தேழு வருஷமாக இருக்கிற தழும்பை அன்றுதான் பார்த்தார், பார்த்ததும் வாய்விட்டு அழுதார், கடை வாசலில் ஆள் நிற்கிறது என்று பார்க்கவில்லை. மேகலா தலையை எடுக்காமல் அவர் அழுது முடிகிறவரை குனிந்தே நின்றாள்.

பொழுது சாய்ந்தது. "ராத்திரிக்கு இருந்துட்டுப் போலாமுங்க மாமா," என்று தனசேகர் சொல்லிப் பார்த்தார். ஆனால் அர்த்தநாரிக்குக் கண் நிற்கவில்லை, வண்டிக்குள் சாமான் எடுக்கப் போனாலும் அப்படியே சாய்ந்துவிடுகிற நிலைமை. சாய்ந்தால் இவ்வளவும் போய்விடும். ஆற்றைத் தாண்டி ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்கிறோம் என்று பாவாயி சொன்னாள். அவர் முன்னால் ஏறி உட்கார்ந்தார், பாவாயி இந்தப் பக்கம் ஏறினாள். மேகலா புங்க மரத்தடியில் வந்து, டிரைவர் கதவுக்குக் கீழே, அண்ணாந்து நின்றாள்.

"அஞ்சாங் கிளாஸ் வரைக்குந்தான் வந்திருக்குது," என்றாள். "கல்யாணத்துக்கு வர இன்னும் எத்தனையோ கெடக்குது."

"சரி அம்மிணி."

"அடுத்த புதங்கெழமை கட மத்தியானம் லீவு."

"சரி."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் புறப்படுகிறவரைப் போ என்று யாரும் சொல்வதில்லை. அவளும் சொல்லவில்லை.

"போயிட்டு வாங்கப்பா," என்றாள்.

அர்த்தநாரியின் கை சாவியிலேயே நின்றது. பாவாயி அவர் முழங்கையைத் தொட்டு, "கெளப்புங்க," என்றாள். அவர் மகளைப் பார்த்து, "வர்றேன் அம்மிணி," என்று சொன்னார், சொன்னபடி அடுத்த புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே வந்து நின்றார்.